குடத்தை நினைத்தோம், ஏரியை மறந்தோம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குச் சென்று திரும்பியவர்கள் பெரும்பாலும் ஒரே செய்தியைத்தான் சொல்வார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் தேர்தல் இருந்தது, குடவோலை இருந்தது என்று. நாங்களும் முதன்முறை சென்றபோது அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரும்பினோம். மண்டபத்தின் அடித்தளக் கற்களில் விரலோட்டி எழுத்துகளைக் கூட்டிப் படித்தோம். புகைப்படம் எடுத்துக்கொண்டோம். கடைத்தெருவில் தேநீர் அருந்தினோம். பெருமிதம் நிறைந்து வழியப் பேருந்து ஏறினோம்.

இரண்டாம் முறை சென்றது ஒரு கார்த்திகை மாதத்தில். இரவெல்லாம் மழை பெய்திருந்தது. கோயிலுக்குள் நுழையுமுன், வயது முதிர்ந்த உழவர் ஒருவர் எங்களிடம் கேட்டார்: "கல்லைப் பாக்க வந்தீங்களா, ஏரியப் பாக்க வந்தீங்களா?" நாங்கள் கல்லைப் பார்க்க வந்தவர்கள். எனினும் அந்தக் கேள்விக்குப் பிறகு ஏரிக்கரைக்குத்தான் போனோம். நீர் தளும்பி நின்றது. கரைமேல் நாலைந்து பேர் நின்றுகொண்டு, கலங்கலில் நீர் எப்போது விழும், விழுந்தால் கீழே எந்த ஊருக்கு என்ன ஆகும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். யாரிடம் சொல்வது என்பதுதான் அவர்களது பேச்சின் மையம். ஒருவர் ஓர் அலுவலகத்தின் பெயரைச் சொன்னார். மற்றொருவர் வேறோர் அலுவலகத்தைச் சொன்னார். முடிவில் எவரும் எவரிடமும் சொல்லவில்லை. அன்று மழை விட்டுவிட்டது, ஆகவே பெரிதாக ஒன்றும் நேரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு எங்களை விடவில்லை. இக்கட்டுரை அதன் விளைவு.

கல்வெட்டு என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். முதற் பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டிலும் (பொ.ஆ. 919) பதினான்காம் ஆட்சியாண்டிலும் (921) உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபை எடுத்த இரு முடிவுகள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரமறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். சிறுவன் தந்த ஓலையை மத்யஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும். அவன் வாசித்த பின், மண்டபத்தில் இருந்த நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். விரலிடுக்கில் இன்னோர் ஓலையை மறைத்து வைக்க இடமில்லை. இல்லாத பெயரைப் படிக்கவும் இடமில்லை. மனிதர்கள் எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்பதை நன்கறிந்தவர்கள் எழுதிய விதி இது.

இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பொன்னின் தரம் பார்க்கப் பொன் வாரியம், இன்னும் பஞ்சவார வாரியம். பதவிக் காலம் முந்நூற்றறுபது நாள். இடையில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கம். வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர். அவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவரே.

நம் பாடநூல்கள் குடத்தில் நின்றுவிடுகின்றன. மேடைப் பேச்சுகளும் அப்படியே. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூரை எடுத்துப் பேசினார். அன்று இணையமெங்கும் தமிழர்களின் தோள்கள் ஓர் அங்குலம் உயர்ந்தன. தவறில்லை. ஆனால் எங்களுக்கு இப்போது வேறொன்று முக்கியமாகத் தோன்றுகிறது. குடம் என்பது ஆளைத் தேர்ந்தெடுக்கும் வழி மட்டுமே. எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்? ஏரிக்காக, தோட்டத்துக்காக, பொன்னுக்காக. அந்த ஊரில் ஏரி உடைந்தால், "இந்த ஆண்டு ஏரி வாரியம் செய்தவர்கள் யார்?" என்ற கேள்விக்கு ஆறு பெயர்கள் விடையாகக் கிடைத்திருக்கும். மேலும் ஆறு பேரின் உறவினர்களும் அந்த விடையைக் கேட்டு நடுங்கியிருப்பார்கள். பல்லவர் காலம் முதலே வயிரமேகத் தடாகம் என்று கல்வெட்டுகள் குறிக்கும் ஊர்ப் பேரேரியில் வண்டல் அள்ளவும் பராமரிக்கவும் பொன்னும் நிலமும் கொடுத்த செய்திகள் அவ்வூர்க் கல்வெட்டுகளிலேயே உண்டு. நீருக்குப் பொறுப்பாளியும் இருந்தார், நிதியும் இருந்தது, கணக்கும் இருந்தது. இம்மூன்றும் ஓரிடத்தில் இருந்தன என்பதே உத்திரமேரூரின் உண்மையான செய்தி.

இங்கே ஒரு மறுப்பை நாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். அந்தச் சபை யாருடைய சபை? பிரமதேய ஊர் ஒன்றின் நிலவுடைமைப் பிராமண ஆடவர்களின் சபை. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் பயிற்சி என்பன தகுதிகள். ஏரியில் வண்டல் அள்ளியவர், கரைக்கு மண் சுமந்தவர், மதகில் மூழ்கி அடைப்பு எடுத்தவர், வயலில் நாற்று நட்ட பெண்கள் ஆகிய எவர் பெயரும் குடத்துக்குள் போகவில்லை. இதை மறைத்துவிட்டுப் 'பழந்தமிழ் மக்களாட்சி' என்று முழங்குவது வரலாற்றுக்கும் துரோகம், உழைத்தவர்களுக்கும் துரோகம்.

இந்த விவாதம் புதிதன்று. அரசியல் நிர்ணய சபையிலேயே நடந்தது. 1948 நவம்பர் 4 அன்று வரைவை முன்மொழிந்து பேசிய அம்பேத்கர், இந்தியக் கிராமத்தை அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என்று கடுமையாகச் சாடினார். தனிமனிதனை அடிப்படை அலகாகக் கொண்டதில் மகிழ்வதாகவும் சொன்னார். பலர் கொதித்தனர். அதே மாதம் 22ஆம் நாள், கிராமப் பஞ்சாயத்துகளை அமைப்பது அரசின் கடமை என்ற புதிய பிரிவை தஞ்சை மாவட்டத்துக்காரரான கே. சந்தானம் முன்மொழிந்தார். அம்பேத்கர் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார். அன்றைய விவாதத்தில் த. பிரகாசம் எழுந்து, காஞ்சிபுரத்துக்கு அருகே உத்திரமேரூரில் வாக்குப் பெட்டிக்கும் வாக்குச் சீட்டுக்கும் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சான்று இருப்பதைச் சுட்டினார். அந்தப் பிரிவே இன்றைய 40ஆம் உறுப்பு. ஆனால் அது வழிகாட்டும் நெறிகளின் பகுதியில் வைக்கப்பட்டது. நீதிமன்றம் சென்று கேட்க முடியாத பகுதி.

நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்தே அது பல் முளைத்த சட்டமாயிற்று. 1992இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73ஆம் திருத்தம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஊராட்சித் தேர்தல் நடந்தே ஆகவேண்டும் என்றது. பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகைப்படி இடம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் என்றது. பராந்தகன் காலத்துக் குடத்துக்குள் நுழைய முடியாதவர்கள் சட்டப்படி நுழைந்தார்கள். அம்பேத்கரின் ஐயத்துக்கும் சந்தானத்தின் விருப்பத்துக்கும் ஒருசேர விடை சொன்ன திருத்தம் இது என்று நாங்கள் கருதுகிறோம். அத்துடன் பதினோராம் அட்டவணை என்றொன்று சேர்க்கப்பட்டது. ஊராட்சிகளுக்கு அளிக்கத்தக்க 29 பொருள்களின் பட்டியல். அதில் மூன்றாவது: சிறு பாசனம், நீர் மேலாண்மை, நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாடு.

ஆக, ஏரி வாரியம் அரசியல் சட்டத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. காகிதத்தில்.

நடைமுறை என்ன? 243ஜி உறுப்பு, மாநிலச் சட்டமன்றம் அதிகாரங்களை 'அளிக்கலாம்' என்று சொல்கிறதேயன்றி 'அளிக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில் ஏரி மூழ்கிப்போயிற்று. தமிழகத்திலுள்ள சுமார் 39,000 ஏரிகளில், நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறையிடம் இருந்து, 2021 முதல் தனித் துறையான நீர்வளத் துறையிடம் உள்ளன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடம். நிலத்தின் பதிவேடு வருவாய்த் துறையிடம். கரைக்குள் வளர்த்த மரம் ஒருவர் பொறுப்பு, மீன் குத்தகை இன்னொருவர் பொறுப்பு. கரையும் மதகும் ஓர் அலுவலகத்தைப் பார்த்து நிற்க, நீர் வரும் கால்வாய் வேறோர் அலுவலகத்தைப் பார்த்து நிற்கிறது. ஓர் உடம்பை அறுத்துப் பங்கு வைத்தாற்போல. அன்று கரைமேல் நின்றவர்கள் யாரிடம் சொல்வது என்று திகைத்ததில் வியப்பென்ன?

தேர்தல்தான் ஒழுங்காக நடந்ததா? 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக் காலம் முடிந்தது. அறிவிக்கப்பட்ட தேர்தல் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. பிறகு வழக்கு, வார்டு வரையறை, மேல்முறையீடு. 2019 டிசம்பரில் இருபத்தேழு மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களிலும் அவற்றின் தாய் மாவட்டங்களிலுமாக ஒன்பது விடுபட்டன. அந்த ஒன்பதில் காஞ்சிபுரமும் ஒன்று. அங்கே ஊராட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். உத்திரமேரூர் பேரூராட்சியோ நகர்ப்புறத் தேர்தல் நடந்த 2022 பிப்ரவரி வரை காத்திருந்தது. தேர்தலுக்குச் சான்று தரும் ஊர் என்று உலகமே கொண்டாடும் ஊர், ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தேர்ந்தெடுத்த மன்றமின்றித் தனி அலுவலரின் கீழ் இருந்தது. நாடாளுமன்ற அடிக்கல் விழாவில் அதன் பெயர் ஒலித்த அந்த நாளிலும் அப்படித்தான் இருந்தது. அதற்கு இரு வாரங்களுக்கு முன் நிவர் புயல் கரையைக் கடந்தபோது, காஞ்சிபுரம் மாவட்டம் முழுவதிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் ஒருவர்கூட இல்லை. இதை எந்தக் கல்லில் பொறிப்பது?

இன்னொன்று. கிராம சபை என்பது ஊராட்சிகளுக்கு உரியது. உத்திரமேரூர் பேரூராட்சி என்பதால் சட்டப்படி அதற்குக் கிராம சபை கிடையாது. 'சபா மண்டபம்' சுற்றுலாப் பயணிகளுக்கு இருக்கிறது. ஊராருக்குக் கிராம சபை இல்லை.

*

சரி, வெள்ளத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். தொடர்பு இருக்கிறது.

காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதியின் ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. ஒன்றன் கலங்கலில் வழிந்த நீரே அடுத்ததன் வரத்து. மேட்டில் தொடங்கி ஊர் ஊராக இறங்கி, இறுதியில் பாலாற்றிலோ செய்யாற்றிலோ அடையாற்றிலோ சேரும் சங்கிலி அது. உத்திரமேரூர் ஏரி அனுமந்தண்டலம் அணைக்கட்டு வழியாகச் செய்யாற்று நீரைப் பெறுகிறது. இந்தச் சங்கிலியில் மழைக்காலத்தில் ஒரு கண்ணி அறுந்தால், அதன் கீழுள்ள கண்ணிகள் ஒவ்வொன்றும் தாங்க வேண்டிய பாரம் கூடும். ஆகவே ஏரியைப் பாதுகாப்பது பாசன வேலை மட்டுமன்று; அதுவே வெள்ளத் தடுப்பும்.

இதில் அரசியல் எங்கே நுழைகிறது என்பதைக் கலங்கலில் பார்க்கலாம். கலங்கலின் உயரம்தான் ஏரியில் எவ்வளவு நீர் நிற்கும் என்பதை முடிவு செய்கிறது. ஆயக்கட்டு உழவர்களுக்கு நீர் கூடுதலாக நின்றால் நல்லது. இரண்டாம் போகம் வரும். எனவே கலங்கல்மேல் மணல் மூட்டை அடுக்கத் தோன்றும். ஏரியின் உள்வாயில், நீர் ஏறும் விளிம்பில் பயிர் வைத்தவர்களுக்கும் வீடு கட்டியவர்களுக்கும் நீர் குறைவாக நின்றால் நல்லது. கலங்கலை உடைக்கத் தோன்றும். கீழூர்க்காரர்களுக்கோ நீர் சிறுகச் சிறுக வர வேண்டும், மொத்தமாக வரக்கூடாது. மூவருக்கும் நியாயம் உண்டு. மூவரில் எவர் சொல்வது நடக்கும்? அதைப் பகலில், எல்லோர் முன்னிலையிலும், முன்கூட்டியே பேசி முடிவு செய்ய ஓரிடம் இருந்தால் அதன் பெயர் மக்களாட்சி. இடமில்லையென்றால் இரவில் கடப்பாறை முடிவு செய்யும்.

ஓர் ஏரியில் நடப்பதே ஒரு மாநகரத்துக்கும் நடக்கும். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளின் உபரிநீர் அடையாற்றுத் தலைப்பில் பெருகி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. இரவில் விழித்தவர்கள் வீட்டுக்குள் ஆறு ஓடுவதைக் கண்டார்கள். முன்பே சிறிது சிறிதாகத் திறந்திருக்க வேண்டாமா, திறக்க ஆணையிட வேண்டியவர் யார், ஆணைக்காக எவர் காத்திருந்தார் என்ற கேள்விகள் மாதக்கணக்கில் எழுந்தன. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, இது மனிதர் விளைவித்த பேரிடர் என்றே கூறியது. மூன்றாண்டு கழித்துக் கணக்கு வந்தது. ஆனால் கணக்குக் காட்டத் தவறியவர் இன்னார் என்று ஓலையிலிருந்து எந்தப் பெயரும் நீக்கப்பட்டதாக நாம் அறியவில்லை.

கடல் கடந்தும் இக்கதை உண்டு. நமக்கு நெருங்கிய கதை அது. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டினது. கல் சிதைந்திருக்கிறது. ஆயினும் அது சொல்லும் பொருள் தெளிவு: அவனிநாரணம் என்று பெயரிட்ட ஒரு குளம் தோண்டப்பட்டது, அது மணிக்கிராமத்தார்க்கும் சேனாமுகத்தார்க்கும் அடைக்கலம். அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் விருதுப் பெயர். வணிகம் செய்யப் போன இடத்திலும் தமிழர்கள் குளம் வெட்டினார்கள் என்பதைவிட, வெட்டியதோடு நில்லாமல் இக்குளத்துக்குப் பொறுப்பு யார் என்பதையும் கல்லில் எழுதினார்கள் என்பதே எங்களை ஈர்த்தது.

அதே தாய்லாந்தில் 2011இல் பெருவெள்ளம் வந்தது. எழுபத்தேழு மாநிலங்களில் அறுபத்தைந்து பாதிக்கப்பட்டன. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இழப்பு சுமார் 4,600 கோடி டாலர் என்றது உலக வங்கி. வடக்கே பூமிபோல், சிரிகிட் அணைகளில் மழைத் தொடக்கத்தில் நீரைத் தேக்கி வைத்துவிட்டுப் பின்பு நிரம்பும் நிலையில் பெருமளவு திறந்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. செம்பரம்பாக்கத்துக்கு நான்காண்டு முன்பே எழுதப்பட்ட முன்னுரை போல. அயோத்தியின் பெயர் தாங்கிய பழந்தலைநகர் அயுத்தயா மூழ்கியது. பாங்காக்கின் நடுப்பகுதியைக் காக்க மணல் மூட்டைச் சுவர் எழுப்பப்பட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் நகரம் உலர்ந்திருக்க, அந்தப் பக்கத்து மக்கள் வாரக்கணக்கில் இடுப்பளவு நீரில் நின்றார்கள். பொறுமையிழந்த கிலோங் சாம் வா பகுதி மக்கள் மதகை மேலும் திறக்கச் சொல்லித் தாமே உடைக்க முனைந்தார்கள். நம்மூர்க் கலங்கல் சண்டையேதான். அளவுதான் பெரிது.

பிரதமர் யிங்லக் சினவத்ரா ஒரு கட்சி, பாங்காக் ஆளுநர் எதிர்க்கட்சி. எந்த மதகை எவர் திறப்பது என்பதிலேயே இருவருக்கும் பிணக்கு. வெள்ளம் வடிந்ததும் 35,000 கோடி பாட் செலவில் மாபெரும் நீர் மேலாண்மைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. மக்களைக் கேட்காமல் தீட்டியதென்று வழக்கு. 2013 ஜூனில் நிர்வாக நீதிமன்றம், முதலில் மக்கள் கருத்தைக் கேளுங்கள் என்றது. அதே ஆண்டு நவம்பரில், செனட் சபை முழுவதையும் மக்களே தேர்ந்தெடுக்கும்படி செய்யவிருந்த அரசியல் சட்டத் திருத்தத்தை அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லாது என்றது. 2014 மே மாதம் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. திட்டம் நின்றது. உள்ளாட்சித் தேர்தல்களும் நின்றன. 2017இல் புதிய அரசியல் சட்டம் வந்தது. 1932க்குப் பின் அந்நாட்டுக்கு அது இருபதாவது. 1997ஆம் ஆண்டின் 'மக்கள் அரசியல் சட்டம்' வளர்த்தெடுத்த அடிமட்ட ஊராட்சிகளுக்கு மீண்டும் தேர்தல் நடந்தது 2021 நவம்பரில். காஞ்சிபுரம் மாவட்டத்து ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடந்த அடுத்த மாதம்!

இந்த ஒற்றுமை எங்களைத் தூங்கவிடவில்லை. அங்கே இராணுவம் நிறுத்தி வைத்தது. இங்கே வழக்கும் வரையறையும் தயக்கமும் நிறுத்தி வைத்தன. அங்கே இருபது அரசியல் சட்டங்கள். இங்கே நிலைத்து நிற்கும் ஒன்று. நமது நிலை மிக மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வெள்ளம் வந்த இரவில் கரைமேல் நிற்பவன் கேட்கும் கேள்விக்கு இரண்டு நாடுகளிலும் ஏறக்குறைய ஒரே விடைதான் கிடைத்தது: ஆள் இல்லை.

*

முயற்சிகளே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். 1858ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் ஊரார் ஏரி வேலைக்கு வந்தே ஆகவேண்டும் என்றது. பெயர் குடிமராமத்து, ஆனால் கூடை சுமந்தவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்பதை ஊகிக்கக் கல்வெட்டு தேவையில்லை. 2000ஆம் ஆண்டில் பாசன அமைப்புகளை உழவர்களே நிர்வகிப்பதற்கான சட்டம் இயற்றப்பட்டது. அதில் உறுப்பினர் ஆக ஆயக்கட்டில் நிலம் இருக்க வேண்டும். கால் வேலி நிபந்தனை வேறு வடிவில் திரும்பிவிட்டது. வெள்ளத்தில் முதலில் குடிசை இழப்பவர், நிலமில்லாதவர். அவருக்கு அங்கே குரல் இல்லை. 2017 மார்ச்சில் இதே காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில் புதிய குடிமராமத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. பல ஏரிகளில் மதகும் கலங்கலும் சீர்பெற்றன. நல்லதே. ஆனால் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த ஊராட்சி எதுவும் இல்லை. பணம் வந்தது, வேலை நடந்தது. ஊர் முன் கணக்கு வாசிக்கும் சபை மட்டும் முழு உயிரோடு இல்லை.

மதுராந்தகத்தில் ஒரு கதை உண்டு. ஆண்டுதோறும் உடைந்த பேரேரியைப் பார்க்க, ஜாகீர் கலெக்டர் லியோனல் பிளேஸ் 1798இல் மழையிரவில் வந்தாராம். கரைமேல் வில்லேந்திய இருவர் காவல் நிற்பதைக் கண்டாராம். அன்றிலிருந்து அவ்வூர் இராமர் ஏரி காத்த இராமர். கதையின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மழையிரவில் கலெக்டர் கரைமேல் நின்றார் என்பதே கதையின் முதற்பாதி. பொறுப்புடையவர் கரைக்கு வந்த பிறகுதான் இராமரும் வருகிறார்.

எதிர்வாதம் ஒன்று நியாயமானது. ஏரிச் சங்கிலி ஓர் ஊராட்சியின் எல்லைக்குள் அடங்குவதில்லை. மழைக் கணிப்பு, அணைத் திறப்பு, கரையின் வலிமை ஆகியவை பொறியாளர் அறிவு வேண்டுபவை. ஊர்ப் பஞ்சாயத்தால் முடியுமா? முடியாதுதான். எல்லாவற்றையும் ஊராட்சியிடம் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. சாதிச் செல்வாக்கு மிக்க ஒருவர் கையில் மதகுச் சாவி போய்விடும் ஆபத்தை அம்பேத்கர் நமக்கு முன்பே சொல்லிவிட்டார். நாங்கள் கேட்பது அதைவிடச் சிறியது, அதனால் தட்டிக்கழிக்க முடியாதது.

வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. அக்டோபர் 2 அன்று ஊராட்சிதோறும் கிராம சபை கூடுகிறது. இடையில் இரண்டு வாரம் சொச்சம். அந்தச் சபையில் ஏரிக் கணக்கு வாசிக்கப்பட வேண்டும். பக்கம் பக்கமாக வேண்டாம். ஒரு தாள் போதும். இந்த ஏரியின் கொள்ளளவு என்ன, வண்டல் எவ்வளவு, மதகு இயங்குகிறதா, கலங்கல் எந்த உயரத்தில் இருக்கிறது, வரத்துக்காலிலும் போக்குக்காலிலும் அடைப்பு எங்கே, ஆக்கிரமிப்பு எங்கே, இந்த ஆண்டு செலவான பணம் எவ்வளவு, மழையிரவில் பொறுப்பாளர் யார், அவரது தொலைபேசி எண் என்ன. துறை அதிகாரி எழுந்து நின்று வாசிக்க வேண்டும். நிலமுள்ளவரும் இல்லாதவரும் பெண்களும் கேட்க வேண்டும், கேள்வி கேட்கவும் வேண்டும். ஒரே சங்கிலியில் உள்ள ஊராட்சிகளின் தலைவர்கள் அதன் பின் ஒருநாள் கூடி, மேலிருந்து கீழாக ஒரே கணக்காகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். உத்திரமேரூர் போன்ற பேரூராட்சிகளுக்கும் இதே கடமை வேண்டும்.

இதற்கு அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை. மூன்றாம் பொருள் பதினோராம் அட்டவணையில் 1993 முதல் காத்திருக்கிறது. சட்டமன்றம் 'அளிக்கலாம்' என்பதை 'அளித்தோம்' என்று ஆக்கினால் போதும். அதுவரையிலும், ஒரு தாளைச் சபையில் படிக்கச் சட்டம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. தேர்தலைத் தள்ளிப்போடாமல் இருந்தால் மட்டும் போதும். அதுவும் எளிதில்லை போலும். 2025 ஜனவரியில் இருபத்தெட்டு மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றார்கள்.

ஏன் ஒரு தாளில் இவ்வளவு நம்பிக்கை வைக்கிறோம்? உத்திரமேரூர் மக்கள் வைத்ததால்தான். ஓலை வாங்குபவர் விரல்களை விரித்துக் காட்ட வேண்டும் என்று அவர்கள் எழுதியபோது, மனிதர்கள் நல்லவர்கள் என்று நம்பி எழுதவில்லை. எல்லோரும் பார்க்க, எல்லோரும் கேட்க, ஒருவர் வாசித்ததை மற்றவரும் வாசிக்க வேண்டும் என்றார்கள். அவர்களுடைய 'எல்லோரும்' மிகச் சிறியது. நம்முடையது பெரியது. அவர்களது விதியை நமது 'எல்லோருக்கும்' பொருத்துவதே அந்தக் கல்லுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.

அடுத்த முறை நண்பர்கள் எவரேனும் உத்திரமேரூர் சென்றால், கல்வெட்டைப் பார்த்தபின் ஏரிக்கரைக்கும் ஒருமுறை நடந்துபோகும்படி வேண்டுகிறோம். கலங்கல் எங்கே என்று கேளுங்கள். நீர் எந்த ஊரிலிருந்து வருகிறது, எந்த ஊருக்குப் போகிறது என்று கேளுங்கள். மழையிரவில் யாரைக் கூப்பிடுவீர்கள் என்றும் கேளுங்கள். ஒரே ஒரு பெயர், தயங்காமல், விடையாக வந்தால் எங்களுக்கும் தெரிவியுங்கள். குடவோலையைப் பற்றி நாம் அன்றைக்குப் பெருமை பேசுவோம்.